கவனித்துப் பார்க்கும் ஊழியம்
கொல்லிமலையில் ஒரு குடும்பம் கற்ற பாடம்

தியானப் பகுதிகள்: ஆதியாகமம் 2:15, சங்கீதம் 104, மத்தேயு 6:25-34



அயல்நாட்டிற்கோ தூரத்து மலைநாட்டிற்கோ தொண்டு செய்யப் புறப்படும் ஒரு குடும்பத்தை நம் சபைகளில் ஜெபித்து வழியனுப்புகிறோம். என்ன வேலை செய்வீர்கள், எத்தனை ஆண்டுகள் இருப்பீர்கள், பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்றெல்லாம் அன்போடு விசாரிக்கிறோம். ஆனால் அந்த ஊரில் எந்த மாதம் மழை பெய்யும், எந்த மரம் காய்க்கும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த மண் எப்படிப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. அவையெல்லாம் சுற்றுலாக்காரர் கேட்கவேண்டிய கேள்விகள் என்று எண்ணிவிடுகிறோம்.

ஊழியம் செய்யவந்த இடத்தின் காட்டையும் மண்ணையும் நேசித்துக் கவனித்துப் பார்ப்பதும் ஊழியத்தின் ஒரு பகுதி என்பதையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். இதற்கு உதாரணமாக, இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தின் சரித்திரத்தைத் தியானிப்போம். பிராண்ட் குடும்பத்தின் பெயரை நம் வாசகர்களில் பலர் அறிவீர்கள். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த வேலூர் டாக்டர் பால் பிராண்ட்டைப் பற்றி அநேக பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அவர் சிறுவனாக ஓடித்திரிந்த மலையைப் பற்றி அவ்வளவாகக் கேட்டிருக்கமாட்டீர்கள்.

1. மலைக்கு வந்த குடும்பம்

இன்று நாமக்கல் மாவட்டத்திலிருக்கும் கொல்லிமலை, சங்க காலத்து வல்வில் ஓரி ஆண்டதாகப் பாடல் பெற்ற மலை. இன்று அங்கே போகிறவர்கள் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் பேருந்தில் சுற்றிச் சுற்றி ஏறுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படியொரு பாதை கிடையாது. கால்நடையாகவோ டோலியிலோதான் ஏறவேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி மக்கள் அங்கே தங்கத் துணியமாட்டார்கள்.

ஜெஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றவர். லண்டனிலுள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனெரிகளுக்கென்று நடத்தப்பட்ட குறுகிய வைத்தியப் பயிற்சியையும் பெற்று நம் நாட்டுக்கு வந்தார். ஈவ்லின் ஹாரிஸ் லண்டனில் வசதியான ஒரு வியாபாரியின் குமாரத்தி; சித்திரம் வரைவதில் மிகுந்த பிரியமுள்ளவர். இருவரும் 1913-ல் விவாகம் செய்து கொல்லிமலையில் குடியேறினார்கள். அப்போது ஈவ்லினுக்கு வயது 34. அவர்களுக்கு 1914-ல் பால் என்ற மகனும், பின்பு ஒரு மகளும் பிறந்தார்கள்.

ஜெஸி தம் கையாலேயே வீடு கட்டினார். கறையான் ஏறாதபடி தூண்களின்மேல் வாணலியைக் கவிழ்த்ததுபோன்ற தகரங்களை வைத்து, அவற்றின்மேல் மரவீட்டை அமைத்தார். அங்கே மின்சாரமும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. கடை இல்லை, சக்கரம் வைத்த வண்டியைப் பார்க்கவேண்டுமானால் சமவெளிக்கு இறங்கவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில்தான் இரண்டு பிள்ளைகளும் மலைவாழ் பிள்ளைகளோடு வெறுங்காலுடன் ஓடி விளையாடி வளர்ந்தார்கள்.

2. காடே பள்ளிக்கூடம்

வாசிப்பும் கணக்கும் தாயாரின் பொறுப்பு. நான்கு சுவர்களுக்குள் உட்காரச் சொன்னால் பாலுக்குப் பாடம் ஏறாது. எனவே அவன் மரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து கணக்குப் போட ஈவ்லின் இடங்கொடுத்தார்.

தகப்பனாருடன் நடப்பதோ பிள்ளைகளுக்கு இன்னொரு கல்வி. ஜெஸி கிராமம் கிராமமாக நடந்து வைத்தியம் செய்பவர். பிள்ளைகள் உடன்வரும்போது வழியில் எதைக் கண்டாலும் நிற்பார். ஆள் உயரத்துக்கும் மேலான கறையான் புற்றின் ஒரு பக்கத்தைத் திறந்து, உள்ளே அறைகளும் வழிகளும் அமைந்திருப்பதைக் காட்டுவார். மணலில் புனல்போலக் குழி பறித்து அதன் அடியில் காத்திருக்கும் குழிநரிப் பூச்சியை உற்றுப் பார்க்கச் சொல்வார். தூக்கணாங்குருவி நார்நாராக இழுத்துக் கூடு பின்னுவதைப் பொறுமையாகக் காட்டுவார். ராஜாவாகிய சாலொமோன் சோம்பேறியை எறும்பினிடத்தில் பாடம் படிக்க அனுப்பினாரல்லவா? இந்தத் தகப்பன் தன் பிள்ளைகளைக் கறையானிடத்திலும் குருவியினிடத்திலும் அனுப்பினார்.

நம் ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் நோக்கும்படி சீஷர்களிடம் சொன்னார். பூக்களைக் குறித்து மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டமந்தானோ' என்பது. கற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. நன்றாக ஆராய்ந்து கற்றல் என்று பொருள்படும். போகிற போக்கில் பூவைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுப் போவது வேறு. அது எப்படி வளருகிறது என்று நின்று கற்பது வேறு. ஆண்டவர் கேட்டது இரண்டாவதை.

3. தண்ணீரைக் கவனித்த கண்

இப்படிப் பார்க்கப் பழகியவர் நோயாளியைப் பார்க்கும்போது என்ன நடக்கும்? நரம்புச் சிலந்தி என்ற நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீரிலுள்ள மிகச் சிறிய பூச்சிகளோடு அந்தப் புழுவின் குஞ்சுகள் மனிதனுடைய வயிற்றுக்குள் செல்லும். ஏறத்தாழ ஓராண்டு சென்றபின், முழ நீளத்துக்கும் மேலாக வளர்ந்த பெண்புழு காலில் கொப்புளமாகத் தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும். அதை இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் வைத்துவிடும். எனவே ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்கவேண்டும். தகப்பனார் இப்படிப் புழுக்களை எடுப்பதைச் சிறுவனாகிய பால் அருகில் நின்று பார்த்திருக்கிறார். சீழும் இரத்தமுமாக இருந்த அந்தக் காட்சி அவருக்கு அருவருப்பைத் தந்தது. வைத்திய வேலையே வேண்டாம் என்று வெகுகாலம் சொல்லிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெஸி புழுவை எடுப்பதோடு நிற்கவில்லை. மக்கள் தண்ணீர் எடுக்கும் விதத்தைக் கவனித்தார். படிக்கிணறுகளில் இறங்கி, தண்ணீருக்குள் கால்வைத்து நின்றுதான் குடத்தை நிரப்புவார்கள். காலில் புண்ணுள்ளவர் அப்படி நின்றால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதே தண்ணீரை ஊரார் குடிப்பார்கள். இதை அறிந்த ஜெஸி, தண்ணீரில் யாரும் கால்வைக்க முடியாதபடி சுற்றுச்சுவர் கட்டிய கிணறுகளை ஊர்தோறும் அமைக்கப் பாடுபட்டார். கட்டட வேலை கற்ற கை இங்கே வைத்தியரின் கையாகப் பயன்பட்டது.

காணிக்கை அனுப்பும் நம் பங்காளர்கள் இதை ஊன்றிச் சிந்திக்கவேண்டும். நூறு பேர் காலிலிருந்து புழு எடுத்தால் நூறு பேரையும் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பலாம். கிணற்றுக்குச் சுவர் கட்டினால் அடுத்த ஆண்டு படம் பிடிக்க நோயாளியே இருக்கமாட்டார். வராமல் போன நோயை எந்த அறிக்கையிலும் காட்டமுடியாது. ஆனாலும் நம் நாட்டில் 1996-ம் ஆண்டோடு நரம்புச் சிலந்தி ஒழிந்து, 2000-ல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிசெய்தது என்றால், எந்தத் தடுப்பூசியும் இல்லாமல், தண்ணீரைக் காத்ததினாலும் புழு கண்டவர்களைத் தண்ணீரில் இறங்கவிடாமல் பராமரித்ததினாலுமே அது கைகூடியது.

4. ஒரு பிடி சேறு

பால் பிராண்ட் பிற்காலத்தில் தம் மலைநாட்டு இளம்பருவத்தைக் குறித்து எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓடைகளின் ஓரமாக மலைச்சரிவில் படிப்படியாக வயல்கள். முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் புல்வரப்பு வைத்து, மேல்வயலின் தண்ணீர் கீழ்வயலுக்கு மெதுவாக இறங்கும்படி அமைத்தவை. சிறுவர்கள் அந்த வயலில் இறங்கித் தவளை பிடித்து விளையாடினார்கள். சேறு கலங்கியது. வரப்புகளைக் காவல்காக்கும் முதியவர் ஒருவர் அங்கே வந்தார். தாத்தா என்று எல்லாரும் மரியாதையுடன் அழைக்கும் பெரியவர்.

அவர் பிள்ளைகளை அடிக்கவில்லை. குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி, இது என்ன என்று கேட்டார். இந்தச் சேறு இங்கே இருக்கும்வரை ஆண்டுதோறும் நெல் விளைந்து உங்கள் பெற்றோருக்கும் உங்களுக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சோறு போடும் என்று விளக்கினார். பிறகு வரப்பைத் தாண்டிக் கீழே வழியும் தண்ணீரைக் காட்டினார். அது கலங்கலாக ஓடியது. தெளிந்த தண்ணீர் இறங்கினால் கவலையில்லை. கலங்கல் தண்ணீர் இறங்கினால் மலையின் மண் போகிறது, போன மண் மறுபடி மேலே ஏறிவராது என்று சொல்லிக்கொடுத்தார்.

இங்கே ஆசிரியர் யார், மாணவன் யார் என்று பாருங்கள். கற்பிக்க வந்த குடும்பத்தின் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாத மலைமுதியவரிடம் பாடம் கற்றான். பல நாடுகளைச் சுற்றிப் புகழ்பெற்ற வைத்தியரான பின்பும், வேறு எந்தப் பேராசிரியரின் பாடத்துக்கும் குறையாத மதிப்பை அவர் அந்தப் பாடத்துக்குக் கொடுத்தார். மண் அரித்துப்போகிற தேசத்தில் பசியும் நோயும் வரும், அதை எந்த ஆஸ்பத்திரியும் தடுக்கமுடியாது என்று முதிர்வயதிலும் எச்சரித்துவந்தார்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தேவன் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்து இரண்டு வேலைகளைக் கொடுத்தார். நிலத்தைப் பயிர்செய்வது ஒன்று, அதைப் பாதுகாப்பது மற்றொன்று. பயிர்செய்வதற்கு அங்கே வரும் எபிரெய வினைச்சொல் 'ஆவத்'. தேவனுக்கு ஊழியம் செய்வதைக் குறிக்கவும் வேதத்தில் இதே சொல்தான் வருகிறது. வரப்பைக் காத்து நின்ற அந்தத் தாத்தா எபிரெயம் அறியாதவர். ஆனால் அந்தச் சொல்லின் பொருளைத் தன் வாழ்க்கையில் அறிந்திருந்தார்.

5. மலை வாங்கிய விலை

காட்டின் அழகை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மையை மறைத்தவர்களாவோம். 1923-ல் குடும்பம் விடுமுறைக்கு இங்கிலாந்து சென்றது. படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் லண்டனில் உறவினரிடத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அதன்பின் அவர் தகப்பனாரைக் காணவேயில்லை.

கடிதங்கள் மாத்திரம் கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஜெஸி மலையில் தாம் கண்ட மரங்களையும் பறவைகளையும் பற்றி மகனுக்கு எழுதுவார். இயற்கையில் களிகூரப் பெரிய விஞ்ஞானப் படிப்பு தேவையில்லை. பார், நினைவில் வை, ஒன்றோடொன்று ஒப்பிடு, இவ்வளவு இனிய உலகத்தில் உன்னை வைத்த தேவனுக்கு நன்றி சொல் என்ற கருத்தில் அவர் எழுதினார். 1929 ஜூன் மாதத்தில் ஜெஸி கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய நிலை அது. அவருக்கு வயது 44. தந்திச் செய்தி லண்டனுக்கு உடனே போய்விட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்களோ அதன்பிறகும் ஒவ்வொன்றாக மகன் கையில் சேர்ந்தன. மரித்த தகப்பன் மலைப்பூக்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

தொண்டுக்குச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகள் கொடுக்கும் விலையை நாம் மறந்துவிடக்கூடாது. பெற்றோரைப் பெயர் சொல்லித் தாங்குகிற நம் ஜெபங்களில் பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும்.

6. வேலூரில் பலித்த பாடம்

பால் முதலில் தகப்பனாரைப்போலக் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். பின்னரே மனம் மாறி வைத்தியம் படித்து, சக மாணவியான மார்கரெட்டை 1943-ல் மணந்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்; டாக்டர் மார்கரெட்டும் பிள்ளைகளும் பின்தொடர்ந்து வந்தார்கள். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, மடங்கிப்போன கைகளை உடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை அழுத்தச் சொன்னார். பிடி இரும்புபோல இருந்தது. பலமற்றுப்போனதாக எல்லாரும் எண்ணிய கையில் நல்ல தசைகள் மீந்திருந்தன. அவற்றைக்கொண்டு விரல்களை மறுபடி இயங்கவைக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

இன்னொருநாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவராலும் திறக்கமுடியவில்லை. தொழுநோயுள்ள ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். டாக்டர் அவன் பலத்தை வியந்து நிற்கையில் தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்கோ வலியில்லை. தொழுநோயில் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்று உலகம் நம்பிவந்த காலம் அது. பால் பிராண்ட்டும் உடன் ஊழியர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரத்தின் பிடி, கருவியின் கரடுமுரடான கைப்பிடி, காலில் குத்திய முள், இரவில் விரலைக் கடித்த எலி என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். வலி தெரியாததுதான் விரல்களை அழிக்கிறது, பாதுகாத்தால் விரல்கள் நிலைக்கும் என்று வெளிப்பட்டது. அதிலிருந்து, உள்ளங்காலுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்புகள் வந்தன. டாக்டர் மார்கரெட்டும் கண்சிகிச்சையில் இதே வழியைப் பின்பற்றினார். கண்ணில் உணர்ச்சியற்றுப்போனவர் இமைகொட்ட மறப்பதையும், அதனால் விழி உலர்ந்து பார்வை கெடுவதையும் கண்டு சிகிச்சை செய்தார்.

பார், நினைவில் வை, ஒப்பிடு. தகப்பன் காட்டில் கொடுத்த பாடத்தை மகன் வியாதிஸ்தரின் படுக்கையருகே செய்துகாட்டினார். குழிநரிப் பூச்சிக்காகப் பொறுமையாகக் குந்தியிருந்த சிறுவன்தான் புண்ணுக்குக் காரணம் தெரியும்வரை பொறுமையாக நின்றான்.

தாத்தாவின் பாடமும் வீண்போகவில்லை. வேலூருக்கு அடுத்த கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபோது அந்த இடம் வறண்ட பொட்டல். அங்கே ஊழியம் செய்த டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சி மழைத்தண்ணீர் ஓடிப்போகாதபடி வரப்புகள் கட்டி, மரங்களை நட்டுக் காத்தார். இன்று அங்கே நிழலுண்டு, பறவைகளுண்டு.

7. பிராண்ட் பாட்டி

ஈவ்லின் கணவரை மலையில் அடக்கம்பண்ணிய பின்னும் ஊழியத்தை விடவில்லை. வயதாகிவிட்டது, ஓய்வுபெறவேண்டும் என்று மிஷன் சங்கம் சொன்னபோது, சங்கத்திலிருந்து ஓய்வுபெற்றுக்கொண்டு, ஏறத்தாழ எழுபது வயதில் தம் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலைக்குப் போனார். கொல்லிமலை, கல்ராயன்மலை, பச்சைமலை என்று மட்டக்குதிரையிலும், எலும்பு முறிந்த பின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராகச் சென்றார். போகிற இடமெல்லாம் மலைக்காட்சிகளைச் சித்திரம் வரைந்தார். மலைமக்கள் அவரைப் பாட்டி என்றே அழைத்தார்கள். 1974 டிசம்பரில் 95 வயதில் நித்திரையடைந்தார். கொல்லிமலை வாழவந்தியில் ஜெஸியின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்த இருவரும் தாங்கள் நேசித்த மண்ணில் ஒன்றுசேர்ந்தார்கள்.

நமக்குரிய பாடங்கள்

முதலாவது, தொண்டுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு. போன முதல் மாதத்திலேயே திட்டம் தீட்டாதிருங்கள். அந்த ஊர் முதியவர் ஒருவரோடு அவர் வயலையும் கிணற்றையும் காட்டையும் சுற்றி நடங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் ஊழியத்துக்கு இடைஞ்சல் அல்ல. பல நேரங்களில் அவர்களே அயலார் வீட்டு வாசலைத் திறக்கும் சாவி.

இரண்டாவது, தாங்கும் சபைகளுக்கு. ஊழியர்களிடமிருந்து மாதந்தோறும் எண்ணிக்கை கேட்டு அவசரப்படுத்தாதிருப்போம். மண்ணையும் மொழியையும் மனிதரையும் கற்றுக்கொள்ளச் செலவாகும் காலம் வீணான காலமல்ல. சுவர் கட்டிய கிணறுகளுக்கும் கொடுப்போம்.

மூன்றாவது, வீட்டிலேயே இருக்கும் நமக்கு. நம் தெருவிலும் வேப்பமரமுண்டு, குருவியுண்டு, மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்காலுண்டு. ஆண்டவர் பார்க்கச் சொன்னவைகளைப் பார்க்க நாம் கொல்லிமலை ஏறவேண்டியதில்லை.

குடும்ப ஜெபத்திலும் ஐக்கியக் கூட்டங்களிலும் சிந்திக்க

1. சங்கீதம் 104-ல் எத்தனை மிருகங்களும் பறவைகளும் மரங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன? பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள். அவற்றில் நம் ஊரில் காணக்கூடியவை எவை?

2. நம் ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைக் கெடுப்பது எது?

3. எழுத்தறியாத ஒருவரிடத்திலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஜெபம்

சிருஷ்டிகராகிய ஆண்டவரே, நீர் உண்டாக்கினவைகளைக் கவனித்துப் பார்க்கும் கண்களை எங்களுக்குத் தாரும். தூர இடங்களில் தொண்டு செய்யும் குடும்பங்களையும், விசேஷமாக அவர்களுடைய பிள்ளைகளையும் காத்தருளும். எங்கள் கையில் நீர் தந்த ஒரு பிடி மண்ணை எங்களுக்குப் பின்வரும் தலைமுறைக்குக் குறைவின்றி ஒப்படைக்கக் கிருபை செய்யும். ஆமென்.